லோங்காங்ல கெடக்குற பிளாஸ்டிக்கும் ஏறிக்கிட்டே போற சூடும்

பினாங்குல நம்ம ஆளுங்ககிட்ட பிளாஸ்டிக்னு பேச்சு எடுத்தா மீன் வயித்துல பிளாஸ்டிக், மனுசன் ரத்தத்துல பிளாஸ்டிக்னு பேசுவாங்க, க்ளைமேட் சேஞ்ச்னு எடுத்தா வெயில் தாங்கல, ஏர்கோன் பில்லு ஏறிடுச்சு, ஒரு மணி நேரம் மழை பேஞ்சா ரோடு முழுக்க தண்ணின்னு பேசுவாங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சு பேசுறவங்க ரொம்ப கம்மி. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், பிளாஸ்டிக் "தூய்மைக்கேடு" பாடத்துல வரும், கார்பன் வேற பாடத்துல வரும், அரசாங்கத்துலயும் ஒண்ணு குப்பை பிரச்சனை இன்னொண்ணு எரிசக்தி பிரச்சனைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா இந்த பிரிவினையிலயே பாதி தப்பு இருக்கு, ஏன்னா ரெண்டும் கெளம்புறது ஒரே இடத்துல இருந்துதான், வழியில ரெண்டு மூணு தடவை ஒண்ண ஒண்ணு தூக்கியும் விடுது.

மைக்ரோபிளாஸ்டிக்னா என்னான்னு பலருக்கு தெரியும், சுருக்கமா சொல்லிட்டு போயிடுறேன். அஞ்சு மில்லிமீட்டருக்கு கீழ இருக்குற பிளாஸ்டிக் துண்டு எல்லாம் இதுல சேரும். 2004ல இங்கிலாந்துல பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சனும் அவர் கூட வேலை பாத்தவங்களும் கடற்கரை மண்ணுலயும் கடல் தண்ணியிலயும் இது எவ்ளோ கலந்திருக்குன்னு எழுதின பிறகுதான் உலகம் இத கவனிக்க ஆரம்பிச்சுது. பெரிய பிளாஸ்டிக் ஒடஞ்சு வர்றது ஒரு வகை, காரு மோட்டார் டயரு தேஞ்சு வர்ற தூளு இன்னொரு வகை, பாலியெஸ்டர் துணிய வாஷிங் மெஷின்ல போட்டா உதிருற நாரு இன்னொரு வகை.

இப்ப ஆரம்பத்துல இருந்து வருவோம். பிளாஸ்டிக் கிட்டத்தட்ட முழுசுமே எண்ணெய், கேஸ், நிலக்கரி இதுல இருந்துதான் வருது. நம்ம நாட்டுலயே திரங்கானுவுல கெர்த்தே, ஜொகூர்ல பெங்கெராங், இந்த ரெண்டு இடத்துலயும் பெரிய பெரிய பெட்ரோகெமிக்கல் ஆலைங்க இருக்கு. அங்க எண்ணெயில இருந்து வர்ற நாப்தாவையோ கேஸ்ல இருந்து வர்ற ஈத்தேனையோ நீராவியோட சேத்து 800 டிகிரிக்கு மேல சூடாக்கி உடைப்பாங்க, அதுல கெடைக்கிற எத்திலீன் வாயுவ கோத்து கோத்து பாலிஎத்திலீன் ஆக்குறாங்க, நாம கடையில வாங்குற பிளாஸ்டிக் பை அதுதான். அந்த சூட்டுக்கு எரிக்கிறது மறுபடியும் எண்ணெயோ கேஸோதான். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்போட (OECD) கணக்குப்படி 2019ல உலகம் தயாரிச்ச பிளாஸ்டிக் 46 கோடி டன், அது மொத்தமா வெளியில விட்ட, பூமிய சூடாக்குற பசுமை இல்ல வாயு 180 கோடி டன், உலகம் முழுக்க விடுறதுல 3.4 சதவீதம். உலகத்துல பறக்குற விமானம் எல்லாம் சேந்து அந்த வருசம் விட்ட கார்பன்டைஆக்சைடு கூட அவ்ளோ கெடையாது. இதுல முக்கியமான விசயம், அந்த 180 கோடி டன்னுல கிட்டத்தட்ட 90 சதவீதம் பொருளா வந்து நம்ம கையில சேர்றதுக்குள்ளயே வெளியாகிடுது, தூக்கி போட்ட பிறகு இல்ல.

அதனாலதான் நான் சொல்றேன், பத்து ஃபெரிங்கி கடற்கரை மண்ணுல கெடக்குற ஒரு மைக்ரோபிளாஸ்டிக் துண்டு அங்க வந்து சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தன் பங்குக்கான சூட்ட பூமிக்கு குடுத்துட்டுத்தான் வருது. இது இனிமே கூடுற கணக்கு வேற. அனைத்துலக எரிசக்தி முகமை 2018ல சொன்னது, 2030 வரைக்கும் உலகத்துல எண்ணெய் தேவை கூடுறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல பெட்ரோகெமிக்கல்தான் காரணமா இருக்கும்னு. காரு எல்லாம் மின்சாரத்துக்கு மாறுனா எண்ணெய் கம்பெனிங்க எங்க போவாங்கன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதுதான், பிளாஸ்டிக்குக்கு போவாங்க.

சரி, அந்த பை இப்ப ரோட்டுக்கு வந்துடுச்சு, இங்க என்ன நடக்குதுன்னு பாப்போம், இத நம்ம கண்ணாலயே பாக்கலாம். பாசார்ல கடை மேல கட்டியிருக்குற நீல கான்வாஸ், இல்லனா பொட்டலம் கட்டுற ராஃபியா கயிறு, மீனவங்க ஜெட்டியில வெயில்லயே கெடக்குற வலைத்துண்டு, எது வேணாலும் எடுத்துக்குங்க. புதுசா இருக்கும்போது இழுத்தா அறுக்க முடியாது. கொஞ்ச மாசம் பினாங்கு வெயில்ல கெடந்த பிறகு அதே ராஃபியாவ ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு தேச்சு பாருங்க, பொடி பொடியா உதிரும், வெள்ளையா சின்ன சின்ன நாரு விரல்ல ஒட்டும், ஊதுனா பறக்கும், அந்த பறக்குறதுதான் மைக்ரோபிளாஸ்டிக். வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரு பிளாஸ்டிக்கோட நீளமான சங்கிலிய அறுக்குது, காத்துல இருக்குற ஆக்சிஜன் அறுந்த எடத்துல போயி ஒட்டிக்குது, சூடு கூட கூட இந்த வேலை வேகமா நடக்குது. கடல் தண்ணியில மிதக்குற பிளாஸ்டிக்க விட கொதிக்கிற மணல்ல கெடக்குற பிளாஸ்டிக் சீக்கிரம் ஒடையுறதுக்கும் இதான் காரணம். அப்ப பூமி சூடாக சூடாக பெரிய பிளாஸ்டிக் சின்னதாகுற வேகமும் கூடுது.

இதே எடத்துல எதிர்ப்பக்கமும் ஒண்ணு நடக்குது, நெறைய பேருக்கு தெரியாது. 2018ல ஹவாய் பல்கலைக்கழகத்துல சேரா ஜான் ரோயேன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும், வெயில் பட்ட பிளாஸ்டிக்ல இருந்து பூமிய சூடாக்குற மீத்தேன் வாயுவும் எத்திலீனும் வெளிய வருதுன்னு காட்டுனாங்க. அதுலயும் பை செய்ற லோ டென்சிட்டி பாலிஎத்திலீன்தான் அதிகமா விடுது, தண்ணியில இருக்கும்போது வர்றத விட காத்துல வெயில்ல காயும்போது அதிகமா வருது, ஒரு தடவை வெயில் பட்டு ஆரம்பிச்சிடுச்சுன்னா இருட்டுல வச்சாலும் நிக்காம வருது. ஒடஞ்சு பொடியானா வெயில் படுற மேல்பரப்பு கூடும், அதனால பொடியில இருந்து இன்னும் பல மடங்கு வருது. உலகத்து மொத்த மீத்தேன் கணக்குல இது ரொம்ப சின்ன பங்குதான், மாட்டுப் பண்ணையையும் எண்ணெய்க் கெணத்தையும் விட்டுட்டு இத பெருசாக்குறது சரியில்ல. ஆனா குப்பையா கெடக்குற பிளாஸ்டிக் சும்மா கெடக்குதுன்னு நெனைக்கிறது தப்புன்னு இந்த ஆராய்ச்சி தெளிவா காட்டிடுச்சு.

அடுத்தது மழை. எனக்கு இந்த முழு விசயத்துலயும் ரொம்ப கவலை தர்றது இதான், ஏன்னா பினாங்குல இருக்குறவங்களுக்கு இது வெளிநாட்டு கதை இல்ல. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த தாங்கும், அப்ப பெய்யும்போது கொட்டித் தீத்துடும். 2017 நவம்பர் 4 ராத்திரி பேஞ்ச மழைய பினாங்குல யாரும் மறந்திருக்க மாட்டாங்க, ஏழு பேர் உயிர் போச்சு, தீவுலயும் செபராங் பிறையிலயும் வீட்டுக்குள்ள நெஞ்சளவு தண்ணி நின்ன எடமெல்லாம் உண்டு. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவுல தண்ணி வடிஞ்ச பிறகு ரோட்டோரத்துல மலை மலையா குவிஞ்சு கெடந்தது என்னன்னு நெனச்சு பாருங்க, மெத்தை, சோபா, நாற்காலி, டப்பா, கார்ப்பெட், அதுல நெறைய பிளாஸ்டிக்கும் ஃபோமும்தான்.

கண்ணுக்கு தெரியுற அந்த குப்பைய லோரியில அள்ளிடலாம், அடியில இருக்குறத என்ன செய்யுறது? ஆத்து அடியில இருக்குற சேத்துல வருசக்கணக்கா மைக்ரோபிளாஸ்டிக் படிஞ்சு கெடக்கும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆளுங்க அந்த ஊரு சுத்துவட்டார ஆறுங்களோட அடிமண்ண 2015 கடைசியில வந்த பெரிய வெள்ளத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்து பாத்தாங்க. 2018ல வெளியிட்ட முடிவு என்னன்னா, அந்த ஒரு வெள்ள காலத்துலயே ஆத்தடியில தேங்கியிருந்த மைக்ரோபிளாஸ்டிக்ல 70 சதவீதம் அடிச்சிக்கிட்டு போயிடுச்சு. அது ஐரோப்பா மழை. நம்ம ஊரு மழையில சுங்கை பினாங்கு, சுங்கை பிறைன்னு ரெண்டு ஆறும் எவ்ளோ வேகமா கடலுக்கு தள்ளும்னு யோசிச்சு பாத்தா, ரோட்டோர சாக்கடையான லோங்காங்ல இன்னைக்கு மாட்டிக்கிட்டு கெடக்குற பை நமக்கு குடுக்குற அவகாசம் அடுத்த பெருமழை வரைக்கும்தான்னு புரியும். 2021ல வந்த ஒரு ஆய்வு, ஆறு வழியா கடலுக்கு பிளாஸ்டிக் அனுப்புற நாடுகள்ல பிலிப்பைன்ஸ், இந்தியாவுக்கு அடுத்து மலேசியாவ மூணாவது எடத்துல வச்சுது, வருசத்துக்கு சுமார் 73,000 டன். மூணரை கோடிக்கும் கொறைவான பேரு இருக்குற நாடு இது. மழை அதிகம், ஆறுங்க குட்டையா கடலுக்கு பக்கத்துலயே ஓடுது, ஊரெல்லாம் ஆத்தோரத்துல இருக்கு, அதனால வெளிய விழுற குப்பையில மத்த பல நாடுகள விட பெரிய பங்கு கடல்ல சேந்துடுது.

கடலுக்கு போன பிறகு நடக்குறத புரிஞ்சிக்க ஒரு விசயம் தெரிஞ்சிருக்கணும். நாம விடுற கார்பன்டைஆக்சைடுல நாலுல ஒரு பங்கு கடல் வாங்கிக்குது. அதுல ஒரு பகுதி வேலைய செய்யுறது கண்ணுக்கு தெரியாத மிதவை உயிரிங்க. தாவர மிதவை உயிரி வெயில வச்சு கார்பன உள்ள இழுக்கும், அத விலங்கு மிதவை உயிரி தின்னும், அதோட எச்சம் கடலடிக்கு எறங்கும், அந்த கார்பன் ரொம்ப காலத்துக்கு மேல வராது. இப்ப அந்த சின்ன உயிரி தீனியோட சேத்து மைக்ரோபிளாஸ்டிக்கையும் முழுங்குது. 2016ல இங்கிலாந்துல ஒரு சோதனையில பாலிஸ்டைரீன் துகள் கலந்த எச்சம் சாதாரண எச்சத்த விட ரெண்டு மடங்குக்கு மேல மெதுவா எறங்குனத பாத்தாங்க, மிதவை கட்டிவிட்ட மாதிரி. மெதுவா எறங்குனா வழியிலயே ஒடையும், மத்த உயிரிங்க தின்னும், உள்ள இருக்குற கார்பன் மேல் தண்ணியிலயே திரும்ப கரையும். 2019ல ஆஸ்திரேலியாவுல மக்குவாரி பல்கலைக்கழகத்துல இன்னொண்ணு பாத்தாங்க, பிளாஸ்டிக் பையில இருந்தும் பிவிசியில இருந்தும் தண்ணியில கசியுற ரசாயனம் புரோக்குளோரோகாக்கஸ்ங்குற பாக்டீரியாவோட வளர்ச்சியையும் ஒளிச்சேர்க்கையையும் பாதிக்குது. இந்த உலகத்துல அதிக எண்ணிக்கையில இருக்குற ஒளிச்சேர்க்கை உயிரி அதுதான். ரெண்டும் சோதனைக்கூடத்துல நல்ல செறிவுல வச்சு பாத்தது, அப்படியே கடல் முழுக்க நடக்குதுன்னு எடுத்துக்க கூடாது. ஆனா கடலோட கார்பன் வேலைய நம்பித்தான் நாம உசுரோட இருக்கோம், அதுல கை வைக்கிற எதையும் சின்னதுன்னு என்னால ஒதுக்க முடியல.

பினாங்குக்கு இன்னும் கிட்ட இருக்குறது சதுப்புநிலக் காடு. குவாலா ஜூரு பக்கம், பாலிக் புலாவ் பக்கம் எல்லாம் மீனவங்களே கையால பாக்காவ் மரம் நட்டு வளத்திருக்காங்க. அந்த மரத்தோட வேருக்கு நடுவுல தண்ணி நின்னு நெதானமா போறதால சேறு படியும், சேத்தோட இலையும் கார்பனும் படிஞ்சு பல நூறு வருசம் அப்படியே இருக்கும், சாதாரண காட்டு மண்ண விட அதிகமா கார்பன புடிச்சு வைக்கிற மண்ணு இது. அதே வேலைய பிளாஸ்டிக்குக்கும் செய்யுது. ஆத்துல வர்றதையும் கடல்ல இருந்து அலை தள்ளுறதையும் வேரு புடிச்சுக்குது, பை போய் மூச்சுவேரு மேல போத்திக்கிச்சுன்னா மரம் மூச்சு விட முடியாம வாடும். கடல் மட்டம் ஏறியோ, மேம்பாடுன்னு சொல்லி வெட்டியோ அந்த காடு போச்சுன்னா பூட்டி வச்ச கார்பனும் வெளிய வரும், பூட்டி வச்ச மைக்ரோபிளாஸ்டிக்கும் வெளிய வரும். அந்த சேத்துலதான் கெராங்ங்குற சிப்பி இருக்கு, நாம கொய்த்தியாவ்ல போட்டு சாப்பிடுற அதே கெராங், தண்ணிய வடிகட்டித்தான் அது சாப்பாடு எடுக்கும், அதனால தண்ணியில எது இருக்கோ அது அதோட உடம்புலயும் இருக்கும்.

பந்தாய் கெராச்சுட்ல ஆமை முட்டை பாதுகாப்பு எடம் இருக்கு, பள்ளிப் பிள்ளைங்கள கூட்டிட்டு போயிருப்பீங்க. ஆமைக்குஞ்சு ஆணா பொண்ணாங்குறத முடிவு பண்றது மணலோட சூடு, சூடு கூடுனா பொண்ணு குஞ்சு அதிகமாகும். உலகம் சூடாகுறதே அதுக்கு ஒரு ஆபத்து. அதுக்கு மேல கருப்பு நெற பிளாஸ்டிக் துகள் மணல்ல ரொம்ப அதிகமா கலந்தா மணலோட சூடு இன்னும் கொஞ்சம் ஏறுதுன்னு ஃப்ளோரிடாவுல சோதிச்சு பாத்திருக்காங்க.

பிளாஸ்டிக் மேகம்தான் வெயிலுக்கு காரணம்னு வாட்சாப்ல சுத்துற கதைக்கும் ஒரு வார்த்தை. மேகத்துல மைக்ரோபிளாஸ்டிக் இருக்குறது உண்மை, 2023ல ஜப்பான்ல வசேடா பல்கலைக்கழக குழு ஃபூஜி மலை மேகத் தண்ணியிலயே அத கண்டுபுடிச்சுது, ஒரு லிட்டருக்கு ஏழுல இருந்து பதினாலு துண்டு வரைக்கும். துகள சுத்தி பனிக்கட்டி சுலபமா உருவாகுறதும் சோதனையில தெரிஞ்சிருக்கு. 2021ல நியூசிலாந்துல லோரா ரெவல் குழு கணக்கு போட்டு, காத்துல இருக்குற மைக்ரோபிளாஸ்டிக் வெயில திருப்பி அனுப்புறதாலயும் புடிச்சு வைக்கிறதாலயும் வர்ற மாத்தம் இன்னைக்கு நெலமைக்கு ரொம்ப சின்னதுன்னு சொல்லிடுச்சு. அதனால அந்த மெசேஜ ஃபார்வர்ட் பண்ணாதீங்க. பெரிய கார்பன் கணக்கு ஆலையில இருக்கு, மேகத்துல இல்ல, கவனம் மேகத்துக்கு போனா ஆலைய யாரும் கேக்க மாட்டாங்க.

எரிக்கிறதையும் சொல்லித்தான் ஆகணும். ஒரு கிலோ பாலிஎத்திலீன முழுசா எரிச்சா மூணு கிலோவுக்கு மேல கார்பன்டைஆக்சைடு வரும், இது சாதாரண கெமிஸ்ட்ரி கணக்கு. திறந்த வெளியில அரைகுறையா எரிஞ்சா அதோட கரும்புகையும் எரியாம மிஞ்சுன துகளும் சேந்து வரும். 2018ல சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் குப்பைய நிறுத்துனதும் அது நம்ம பக்கம் திரும்புச்சு, சிலாங்கூர் ஜெஞ்சாரோம்ல இருந்து கெடாவுல சுங்கைப்பட்டாணி வரைக்கும் மக்கள் ராத்திரி பூரா அந்த நாத்தத்துலதான் தூங்குனாங்க. 2020 ஜனவரியில 150 கண்டெய்னர் குப்பைய வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிட்டோம்னு அப்ப இருந்த அமைச்சர் இயோ பீ யின் பட்டர்வெர்த் துறைமுகத்துல நின்னு அறிவிச்சாங்க. 2025 ஜூலையில இருந்து, ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போறத கட்டுப்படுத்துற பாசல் ஒப்பந்தத்துல சேராத நாட்டு பிளாஸ்டிக் குப்பைக்கு தடை வந்திருக்கு, அமெரிக்கா அந்த பட்டியல்ல வருது. நல்ல முடிவு, ரொம்ப லேட்டா வந்த முடிவு. நம்ம சொந்த குப்பையும் எரியத்தான் செய்யுது, 2022 ஜனவரியில நிபோங் திபால் பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்புடிச்சு நாள்கணக்குல அணைக்க முடியாம எரிஞ்சது, பக்கத்து மக்கள் வீட்ட விட்டு போக வேண்டி வந்துச்சு. காய்ஞ்ச வெயில், உள்ள ஊறிக்கெடக்குற மீத்தேன், மேல பிளாஸ்டிக், தீ பரவ வேற என்ன வேணும்.

இப்ப வீட்டுல என்ன செய்யலாம்னு கேப்பீங்க. பினாங்கு 2009லயே வாரத்துல ஒரு நாள் இலவச பை கெடையாதுன்னு ஆரம்பிச்சு 2011ல தெனமும் ஆக்குன மாநிலம், 20 சென் கட்டி பழகுன மக்கள் நாம, அதனால நம்மால முடியாதுன்னு யாரும் சொல்ல வேணாம். ஆனா சிலத தெரிஞ்சு செய்யணும். "தானா மக்கும்"னு எழுதியிருக்குற ஓக்சோ வகை பை மக்காது, சீக்கிரம் பொடியாகும், அவ்ளோதான், ஐரோப்பிய ஒன்றியம் 2021ல அத தடையே பண்ணிடுச்சு. துணிப்பைக்கும் கார்பன் செலவு உண்டு, பருத்தி வளக்க தண்ணியும் உரமும் போகுது, அதனால விழாவுக்கு விழா ஓசியில குடுக்குற துணிப்பைய அலமாரியில அடுக்கி வச்சா புண்ணியம் இல்ல, ஒரே பைய வருசக்கணக்குல தூக்கணும். தைப்பூசத்துல தண்ணீர்மலைக்கு போற வழி முழுக்க தண்ணீர் பந்தல்ல மோர் குடுக்குறாங்க, குடிச்சிட்டு போட்ட கப்பு மறுநாள் லோங்காங்ல இருக்கு. எவர்சில்வர் டம்ளர் வச்சு கழுவி குடுக்க நாலு இளைஞர் போதும், நம்ம தாத்தா காலத்துல அப்படித்தான் குடுத்தாங்க. மின்சார காரு வாங்குனா புகை நிக்கும், டயரு தூளு நிக்காது, வண்டி கனம் கூடுனா டயரு இன்னும் தேயும், அதனால பினாங்குல இப்ப கட்டிக்கிட்டு இருக்குற எல்ஆர்டி ரயிலும் ஒழுங்கா வர்ற பஸ்ஸும் ரெண்டு பிரச்சனைக்கும் சேத்து மருந்து.

மறுசுழற்சிய நம்பி உக்காந்திருக்க முடியாது, 2019 கணக்குல உலகத்து பிளாஸ்டிக் குப்பையில 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆச்சு. அதுலயும் பிளாஸ்டிக்க நொறுக்கி கழுவுற ஆலையில கழுவுன தண்ணியிலயே மைக்ரோபிளாஸ்டிக் போகுது, நல்ல ஃபில்டர் போட்டா நெறைய கொறையுது. செபராங் பிறையில அந்த மாதிரி ஆலைங்க இருக்குற ஊருல நாம இருக்கோம், ஃபில்டர் கட்டாயம்னு லைசென்ஸ்லயே எழுதணும்னு கேக்கலாம்.

கடைசியில தயாரிப்ப கொறைக்காம ரெண்டுல எதுவும் தீராது. உலக நாடுங்க பிளாஸ்டிக் ஒப்பந்தம் போடணும்னு 2022 மார்ச்ல நைரோபியில முடிவு பண்ணாங்க, 2024 கடைசியில பூசான்ல முடியல, 2025 ஆகஸ்ட்ல ஜெனிவாவுலயும் முடியல. ரெண்டு தடவையும் முட்டுன எடம் ஒண்ணுதான், தயாரிப்புக்கு உச்சவரம்பு வைக்கணும்னு பல நாடுங்க கேக்குது, எண்ணெய் விக்கிற நாடுங்க குப்பைய மட்டும் பேசுவோம்னு சொல்லுது. மலேசியா எண்ணெயும் எடுக்குது, பிளாஸ்டிக்கும் செய்யுது, மத்தவங்க குப்பையையும் வாங்கி அவதிப்பட்டிருக்கு. அடுத்து பேச்சுவார்த்தை கூடும்போது நம்ம நாடு எந்தப் பக்கம் கை தூக்கப் போவுதுன்னு உங்க தொகுதி எம்பிகிட்ட இப்பவே கேட்டு வைங்க, கெர்த்தேயும் பெங்கெராங்கும் நம்ம நாட்டுலதான் இருக்கு.